மருந்து கட்டுற மிஸ்ஸி எழுதிப்போடுவா

புண்ணுக்கு மருந்து கட்டுகிறவளிடம் மனிதர்கள் எதையும் ஒளிக்கமாட்டார்கள், அவள் கதை எழுதுகிறவள் என்று தெரியவரும் வரைக்கும்.

திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட உள்ள ஒரு கிளினிக்கில் நீரிழிவு என்கிற சீனி வருத்தக்காரரின் கால் புண்களைத் துடைத்துக் கட்டுவது என் வேலை. லீவு நாளில் ஓர்ஸ் ஹில் வீட்டுக் குசினி மேசையில் இருந்து சிறுகதை எழுதுவேன். ஒருநாள் என் கதை ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் என் படத்தோடு வந்தது. நிம்மதி அன்றோடு போச்சு. பகலில் ஒரு வேலையும் மிச்ச நேரத்தில் பேனாவுமாக அல்லாடுகிற உங்களுக்கு இது விளங்கும். மற்றவர்களுக்கு விளங்கப்படுத்த எனக்குப் பொறுமை இல்லை.

அலுமாரித் தொதல்

அந்தக் கதையில் ஒரு சீனி வருத்தக்காரர், மனைவிக்குத் தெரியாமல் அலுமாரிக்குள் தொதல் இனிப்பை ஒளித்துவைத்துத் தின்பார். சத்தியமாக அவர் என் கற்பனைதான். அடுத்த கிளினிக் நாளில் கிண்ணியாவில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நாநா ஒருவர் வந்து கதிரையில் இருந்தார். காலை நீட்டமாட்டேன் என்றார். முகம் உர்ரென்று இருந்தது. "என்னை ஊர் முழுக்கக் காட்டிக் குடுத்திட்டீங்களே மிஸ்ஸி, மனிசி மூணு நாளாக் கதைக்கிறாவில்லை" என்றார்.

நாநா, அது நீங்கள் இல்லை, ஒருவருமே இல்லை, நானாக யோசித்து எழுதினது என்று கெஞ்சினேன். வெளியே வரிசை நீண்டுகொண்டு போகிறது, நான் இங்கே கற்பனை என்றால் என்ன என்று வகுப்பு எடுக்கிறேன். கடைசியில் மனமில்லாமல் காலை நீட்டிக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார்.

"கற்பனையோ? அப்ப எங்கட அலுமாரியில தொதல் இருக்கிறது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

சுவரில் ஒட்ட

எங்கள் பொறுப்புத் தாதி, கை கழுவச் சொல்லி ஒரு அறிவித்தல் எழுதித் தரச் சொன்னார். 'உள்ளே வருமுன் கைகளைக் கழுவவும்' என்று எழுதிக் கொடுத்தேன். இதை விடச் சுருக்கமாக எவரால் எழுத ஏலும்? அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கி அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இதில ஒரு உணர்ச்சியும் இல்லையே பிள்ளை, நீர் எழுத்தாளர் எண்டல்லோ சொல்லினம்?"

முன்கூட்டியே ஒரு கல்வெட்டு

எங்கள் பக்கத்தில் ஒருவர் காலமானால், முப்பத்தோராம் நாளில் அவரைப் பற்றிப் பாட்டுகள் எழுதிச் சிறு புத்தகமாக அடித்துக் கொடுப்பார்கள். அதற்குக் கல்வெட்டு என்று பேர். ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருவர், நான் குதிக்காலைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே, தன்னுடைய கல்வெட்டை நான்தான் எழுதவேண்டும் என்றார். அதுவும் இப்போதே.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஐயா, இந்தப் புண்ணால் நீங்கள் சாகமாட்டீர்கள், உங்களைச் சாகவிடாமல் பார்க்கத்தான் நான் இங்கே முறிகிறேன் என்றேன். அவர் அசையவில்லை.

"நீங்கள் அதைப் பாருங்கோ மிஸ்ஸி, ஆனா வெண்பாவில பிழை வந்தாத் திருத்த நான் இருக்கோணுமே."

சல்லி அக்கா

சல்லி என்கிற கடற்கரைக் கிராமத்திலிருந்து ஒரு அக்கா வருவார். கால் பெருவிரலில் புண். மருந்து, ஊசி, சாப்பாடு எல்லாம் ஒழுங்கு. ஆனால் நான் உலர்த்திக் கட்டி அனுப்புகிற விரல் அடுத்தமுறை ஊறி வெளுத்துத்தான் வரும். வீட்டில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், "ஒண்டுமில்லை" என்பார். இப்படியே போனால் விரலை எடுக்கவேண்டி வரும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அவர் அங்கால் போனதும் நான் கத்திவிட்டேன். "அக்கா, விரல் போகப்போகுது! உண்மையைச் சொல்லுங்கோ!"

அக்கா கதவுப் பக்கம் பார்த்தார். "உங்களிட்டச் சொன்னாப் பேப்பரில வரும். என்ட மகன் வெளிநாட்டில இருந்து ஃபோனில அதை வாசிக்கிறவன்."

நான் ஆசையாக எழுதிய கதை, ஒரு மனுசியின் விரலைத் தின்னப் பார்க்கிறது. எழுதமாட்டேன் என்று கோணேசர் மேல் சத்தியம் செய்தேன். அதன் பிறகுதான் சொன்னார்.

என்ன சொன்னார் என்பது இங்கே வராது, கோபிக்காதீர்கள். விரல் ஏன் ஊறியது என்பது விளங்கியது. அதற்கு ஒரு வழி செய்தோம். புண் காயத் தொடங்கியது. ஆனால் என்ன கதை அது! நான் கேட்டதிலேயே அதுதான் முதல்தரம். குசினி மேசையில் இருந்தால் அதன் முதல் வரி தானாக வந்து நிற்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு எழும்பிப் போய்ச் சோறு வடிக்கிறேன்.

போன மாதம் விரல் முழுதாக ஆறிவிட்டது. கட்டில்லாத காலைப் பார்க்க எனக்கு அழுகையே வந்தது. அக்காவுக்கோ முகம் சரியில்லை.

"ஒவ்வொரு ஞாயிறும் பேப்பர் பாக்கிறன். என்ட கதை வரேல்லை."

"நீங்கள்தானே அக்கா எழுதவேண்டாம் எண்டனீங்கள்? மகன் வாசிச்சிடுவான் எண்டு?"

"அவனுக்கு நானே எல்லாம் சொல்லிப்போட்டன்" என்றார். பிறகு, வீட்டுக்கு வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுக்காதவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

"வேண்டாமெண்டு சொன்னா, ரெண்டாந்தரம் ஒருக்காக் கேக்கிறேல்லையோ மிஸ்ஸி?"

நான் வாயைத் திறக்குமுன் அவர் அந்த விரலையே நன்றாக ஊன்றி விறுவிறுவென்று பஸ்ஸுக்கு நடந்துவிட்டார், இனி என்னிடம் மருந்து கட்ட வரவேண்டிய தேவையும் அவருக்கு இல்லை, புண்ணை ஆற்றிக்கொண்டே கதையும் எழுத நினைக்கிறவளுக்குக் கிடைக்கிற சீத்துவம் இதுதான்.