நைனாவின் விரல் அலகு

நான்கு விரல்களையும் சேர்த்து, கட்டைவிரலோடு திறந்து திறந்து மூடுவார். அதுதான் குருவியின் அலகு. கூடவே புருவத்தையும் உயர்த்தினால் அது கேள்வி: குருவிங்க கத்துதுங்களா? என் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் தறிக்கொட்டகையின் பின்வாசலில் நின்று என்னிடம் அப்படிக் கேட்ட காட்சி, என் மகள் பாப்பாவுக்குத் தலை வாரும்போதோ பால் காய்ச்சும்போதோ சம்பந்தமே இல்லாமல் கண்முன் வந்து நிற்கும். நான் சொன்ன பதிலும் கூடவே வரும்.

ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியில் எங்கள் வீட்டுக் கொல்லையை ஒட்டி நான்கு விசைத்தறிகள் ஓடின. தறி ஓடும்போது பேச்சு எடுபடாது, எல்லாம் கைஜாடைதான். பல வருடச் சத்தத்தில் நைனாவின் காது ஏறக்குறையப் போய்விட்டிருந்தது. பாவு நூலுக்குப் போட்ட கஞ்சியைத் தேடி எலி வரும். எலியைத் தேடிப் பாம்பு வரும். அதை முதலில் பார்ப்பவை, கொல்லையில் ஏழெட்டாகச் சேர்ந்து தத்தித் திரியும் தவிட்டுக்குருவிகள்தான். முருங்கைக் கிளையில் ஏறிக்கொண்டு, கீழே ஒரே இடத்தைப் பார்த்து, ஊரையே கூட்டுவதுபோல் கத்தும். சும்மா சலசலப்பதற்கும் அப்படிக் கத்துவதற்கும் வித்தியாசம் தெரிய வேண்டும். நைனாவுக்குக் காது கேட்காது. அதனால் ஒன்பது வயதில் அவருடைய காது நான்தான்.

ஒருநாள் காலையில் நான் 'ஆமாம்' என்று தலையாட்டினேன். நைனா தறியை நிறுத்திவிட்டுக் கம்போடு ஓடினார். செங்கல் குவியலுக்குப் பின்னாலிருந்து ஒரு பூனை சோம்பல் முறித்துக்கொண்டு வெளியே வந்தது. அம்மா சிரித்த சிரிப்பு பக்கத்து வீடுவரை கேட்டிருக்கும். "பூனைக்கெல்லாம் தறியை நிறுத்திக்கினு இருந்தா சோறு துன்ன முடியுமாயா? குருவி பாஷை படிச்ச கலெக்டரம்மா சொல்லிட்டாளாம், இவரும் கம்பு எடுத்துக்கினு ஓடறாரு!"

அன்று பிற்பகலே மறுபடியும் கத்தின. நான் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, மறுநாள் பள்ளியில் ஒப்பிக்க வேண்டிய தெலுங்குப் பாடத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். தறியில் குறுக்கு நூலை ஓட்டும் நாடா உடைந்துபோய், செங்கல் குவியலுக்குப் பக்கத்தில் கிடந்த மரப்பெட்டியில் வேறு நாடா எடுக்க நைனா வெளியே வந்தார். மரத்தை ஒருமுறை பார்த்தார். என்னைப் பார்த்து விரல்களைத் திறந்து மூடினார். எனக்கு அம்மாவின் சிரிப்புதான் காதில் இருந்தது. இல்லை என்று தலையாட்டினேன்.

பெட்டிக்கடியில் கண்ணாடிவிரியன் இருந்தது. திருப்பதி ஆஸ்பத்திரியில் நைனா பல வாரம் கிடந்தார். உயிர் தங்கியது, வலது காலின் பெருவிரல் தங்கவில்லை. "அந்தக் குருவிங்க கத்தலையாடி?" என்று அம்மா கேட்டபோது நான் நைனாவைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். என்னைக் காட்டிக்கொடுக்கவே இல்லை. பிறகும் ஒருநாளும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன்.

இப்போது நான் இருப்பது திருப்பதியில், மலையைப் பார்த்த ஒரு வீட்டில். கொல்லையில் சீதாப்பழ மரம் இருக்கிறது, மதிலுக்கு அந்தப் பக்கம் புதர் மண்டிய காலிமனை. பாப்பாவுக்கு மூன்று வயது. செருப்பை உதறாமல் அவள் காலில் போடமாட்டேன். கொல்லைக் கதவைப் பூட்டுவேன், பூட்டினேனா என்று மறுபடி போய்ப் பார்ப்பேன். கரிச்சான், செம்போத்து, கொண்டைக்குருவி என்று ஒவ்வொன்றின் குரலும் எனக்கு மனப்பாடம். ஆனால் வேலை வீட்டிலிருந்தே. பாதி நாள் இரண்டு காதிலும் ஹெட்செட். கொல்லையில் என்ன கத்தினாலும் எனக்குக் கேட்காது.

போன மாதம் நைனா வந்திருந்தார். ஒரு காலை, அவரை நம்பிக் கதவைத் திறந்துவிட்டு நான் மீட்டிங்கில் உட்கார்ந்தேன். சும்மா ஜன்னல் பக்கம் திரும்பினால், சீதாப்பழ மரத்தில் தவிட்டுக்குருவிகள் அலகைத் திறந்துகொண்டு நிற்கின்றன. சத்தமே இல்லாத படம்போல இருந்தது. கீழே நைனா பாப்பாவிடம் விரல்களைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

ஹெட்செட்டைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஓடினேன். நான் போவதற்குள் அவர் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு படியேறியிருந்தார். பாப்பா அவர் தோளிலிருந்து தன் குட்டி விரல்களைத் திறந்து திறந்து மூடினாள். ஆமாம், கத்துகின்றன. மதிலடி ஓட்டைக்குள் ஒரு வால் மட்டும் நழுவி மறைந்தது. சாரையா, விரியனா, தெரியவில்லை.

நான் நைனாவின் காலைக் காட்டினேன். விரல்களால் அலகு காட்டினேன். இல்லை என்று அன்று ஆட்டியதுபோல் தலையாட்டி, பிறகு என் நெஞ்சைத் தொட்டேன். 'அன்னிக்கி கத்துச்சி நைனா. நான் பொய் சொன்னேன்.'

அவர் காது கேட்காதவர்களின் உரத்த குரலில் சொன்னார்: "அதுங்க வாயத் தொறந்துக்கினு இருந்தத நான் பார்த்தேனேமே! தறி நிக்குது, நாடா வேணும். நீ இல்லன்னு சொன்னா பெட்டிகிட்ட போயிடலாம்னுதான் உன்னைக் கேட்டேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். "கண்ணும் போச்சின்னா நெனச்ச?"

அது உண்மையா, என்னைத் தேற்றச் சொன்னதா என்று இன்றுவரை புரட்டிப் பார்க்கிறேன். உண்மையென்றால் இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை? நான் ஏன் கேட்கவில்லை?

நைனா ஊருக்குப் போய்விட்டார். இப்போது ஒரு காதில் மட்டும்தான் ஹெட்செட் மாட்டுகிறேன். பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று பாப்பா, புருவத்தை உயர்த்தி, விரல்களைத் திறந்து மூடுகிறாள். வெளியே விளையாடப் போக வேண்டும் அவளுக்கு. நான் 'இல்லை' என்று சொல்ல வேண்டும் என்பதற்காகவே கேட்கிறாள். அந்த ஒரு காதிலிருந்தும் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு, கதவைத் திறந்து, முதலில் நான் வெளியே போகிறேன்.