கை மாறிய கட்டு

ஓய்வு பெற்று எட்டு வருஷமாகியும் அந்தக் கட்டுத்துணியை இஸ்திரி அக்கா தூக்கிப் போடவில்லை. இப்போதும் முகர்ந்தால் பழைய சலவைக்கூடத்தின் சூட்டு வாசனை வரும்.

அப்போது நாள் முழுக்க நின்றே இஸ்திரி போடவேண்டும். இடுப்பும் முட்டியும் விண்விண்ணென்று தெறிக்கும். டாக்டர் ரிப்போர்ட்டில் ஒன்றும் இருக்காது. உட்காரக் கேட்டால், "மகாராணிக்கு சிம்மாசனம் வேணுமாம்" என்று கூடமே சிரிக்கும். ஒருநாள் வெறுத்துப்போய், நன்றாயிருந்த இடது மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு போனாள். இஸ்திரிப்பெட்டி பிடிக்க வலது கை வேண்டுமே! அவ்வளவுதான், முக்காலி வந்தது, டீ வந்தது. "பாவம், எப்படி வலிக்குதோ" என்றார்கள். ஆறு மாதமாய் ஆறாத மணிக்கட்டா என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

ஒரு காலை அவசரத்தில் கட்டை வலது கையில் சுற்றிவிட்டாள். மேஸ்திரி அதையே உற்றுப் பார்த்தார். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது; கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

அவர் முக்காலியைக் காலால் அவள் பக்கம் தள்ளினார்.

"உக்காரும்மா. என் வீட்டுக்காரிக்கும் இப்படித்தான் இடுப்புவலி, வெளிய ஒண்ணும் தெரியாது" என்றார் மெதுவாக. "நாளைக்கு மறக்காம இடது கையில கட்டிட்டு வா. இவங்களுக்குக் கட்டு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும்."