போட்டு மேல தேங்கா

செபாஸ்தியம்மாள் வீடு எதுன்னு எங்க ஊருல கேட்டா ஒருத்தனுக்கும் தெரியாது. "கக்கூஸ் கதவு"ன்னு கேளுங்க, ஆட்டோக்காரன் நேரா கொண்டாந்து எறக்கிருவான். அவ தெருவுல ரெண்டு செபாஸ்தியம்மாள். ஒருத்தி டீச்சரு. அதனால இவளுக்குத் தொழிலை வச்சுப் பேரு. மாதா கோயில் திருவிழாவுல, "அசனச் சாப்பாட்டுக்கு அரிசி குடுத்தது கக்கூஸ் கதவு செபாஸ்தியம்மாள்"னு மைக்குலயே வாசிச்சுப்புட்டான் ஒரு பாவி. அன்னைக்கு அவ சாப்பிடாமலே வந்துட்டா. எனக்கு வந்த கோவத்துக்கு அந்த மைக்கைப் புடுங்கி எறிஞ்சிருப்பேன்.

நான் நஜ்முன்னிசா. பேகம்பூர்ல எங்க அத்தா வச்சிருந்த ஃபைபர் பட்டறையை நானும் அவளும்தான் ஓட்டுறோம். பாத்ரூம் கதவு, தண்ணித் தொட்டி எல்லாம் செய்வோம். அவ கையால வேலை பாப்பா, நான் வாயால.

ரெண்டாயிரத்து நாலு வாக்குல, நத்தம் ரோட்டுல சங்கிலி அண்ணன் மாந்தோப்புக்குள்ள குளம் வெட்டி, பார்க்குன்னு போர்டு மாட்டி, கடக்கரைப் பக்கமிருந்து ஒரு ஃபைபர் போட்டு, அதான் படகு, வாங்கி விட்டாரு. கொஞ்ச நாள்லயே மேல்தளம் கால் வச்சா அமுங்குச்சு. மனுசன் என்ன செஞ்சாரு? அதை மறைக்க பச்சைக் கார்ப்பெட்டை விரிச்சாரு! அது ஈரத்தைப் புடிச்சு வச்சுக்கிட்டு இன்னும் ஊற வச்சிருச்சு. கடைசியில அவரு சம்சாரம் அங்காளம்மாள் மதினி ஏறி நின்னப்ப, ஒரு காலு முழங்கால் வரைக்கும் உள்ள போயிருச்சு. இழுத்து வெளிய எடுக்குறதுக்குள்ள பார்க்கே கூடிருச்சாம்.

எங்களைக் கூப்பிட்டு விட்டாரு அண்ணன். மதினிக்குப் புடிக்கல. "கடக்கரை ஆளுகளை வரச் சொல்லுங்க. கக்கூஸ் கதவு செய்றவளுக்குப் போட்டைப் பத்தி என்ன தெரியும்?"னு எங்க காதுபடவே சொன்னாங்க. செபாஸ்தி மூஞ்சி சுண்டிப்போச்சு. என்னை ஓரமா இழுத்துட்டுப் போயி, "நஜ்மு, இதை நான் சரி பண்ணிட்டா அந்தப் பேரு போயிருமாடி?"ன்னா. "போகாம என்ன, போட்டுக்காரின்னு கூப்பிடுவாங்க பாரு"ன்னேன். எனக்கே நம்பிக்கை இல்ல.

செபாஸ்தி ஸ்குரூ டிரைவர் கைப்பிடியால தளத்தைத் தட்டிக்கிட்டே போனா. நல்ல எடத்துல டக்குடக்குன்னுச்சு. முன்பக்கம் மட்டும் தொப்புதொப்புன்னுச்சு. அங்க பாத்தா சன்னமா கீறல் கீறலா ஓடியிருக்கு.

"ஏண்ணே, வெள்ளிக்கிழமை தேங்கா எங்க உடைப்பீங்க?"ன்னு கேட்டா.

"போட்டுத் தலையிலதான். வண்டிக்குன்னா முன்னாடி ரோட்டுல உடைக்கலாம். போட்டுக்கு முன்னாடி தண்ணிதானத்தா இருக்கு?"

யா அல்லாஹ்! வாராவாரம் தேங்கா அடிச்ச கீறல் வழியா தண்ணி எறங்கி, உள்ள இருந்த பிளைவுட் அழுகிப்போச்சு. மேல்தோலை அறுத்து எடுத்தா, ஊறுன புண்ணாக்கு மாதிரி கையோட வருது.

அம்புட்டையும் சுரண்டிப்புட்டு, போட்டை வெயில்ல காய வச்சா. சங்கிலி அண்ணன் "மூடுத்தா, மூடுத்தா"ன்னு பறந்தாரு. இவ அசையல. பிளாஸ்டிக் தாளை மேல ஒட்டி வச்சுட்டு, மறுநாள் அதுக்கு அடியில வேர்த்திருக்கான்னு பாப்பா. வேர்த்திருந்தா, "இன்னும் காயலண்ணே, ஈரத்தோட மூடுனா மறுபடியும் அழுகும்"பா. காஞ்ச பெறகுதான், ஓரமெல்லாம் ரெசின் பசையைக் குடிக்க விட்டு, புதுப் பலகை வச்சு மேல்தோலை மூடுனா. ஸ்குரூ ஓட்டையைக்கூடப் பெருசாத் தொளைச்சு, ரெசினை ஊத்தி, எறுகுன பெறகு அதுக்கு நடுவுல தொளை போட்டா. மரத்துல தண்ணி படவே கூடாதாம். கார்ப்பெட்டைச் சுருட்டி அண்ணன் கையில குடுத்துட்டா. தேங்காயைக் கரையில இருக்குற படிக்கல்லுல உடைக்கணும்னு சத்தியமும் வாங்கிக்கிட்டா.

மறுபடியும் போட்டைத் தண்ணியில விடுற அன்னைக்கு சொந்தபந்தமெல்லாம் வந்து ஏறி உக்காந்துட்டாங்க. செபாஸ்தி ஏறமாட்டேன்னுட்டா. வேலையிலதான் தைரியம், முழங்கால் தண்ணின்னாலே மாதாவைக் கூப்பிடுவா. நான்தான் கையைப் புடிச்சு இழுத்து முன்னாடி நிப்பாட்டுனேன். சூடம் காட்டுனாங்க. சங்கிலி அண்ணனுக்குப் பக்தி தலைக்கேறி, சத்தியமெல்லாம் மறந்துபோச்சு. தேங்காயை ஓங்கிட்டாரு, நேரா புதுத்தளத்து மேல!

"அடப்பாவி அண்ணே!"ன்னு செபாஸ்தி ஒரே பாய்ச்சல். தேங்காயை இவ புடிக்க, அவரு விடாம இழுக்க, ரெண்டு பேரும் தேங்காயோட தொபுக்கடீர்னு குளத்துக்குள்ள. அம்புட்டு சனமும் என்னாச்சுன்னு எந்திரிச்சு முன்பக்கம் ஓடி வந்து, அவ வச்ச பலகை மேலயே குமிஞ்சு நிக்குது.

இடுப்பளவு தண்ணிதான். சங்கிலி அண்ணன் "ஐயோ, காப்பாத்துங்க"ன்னு கத்துறாரு. தேங்கா பாட்டுக்கு மெதக்குது. செபாஸ்தி எந்திரிச்சா. தலையெல்லாம் பாசி. கைய நீட்டல, மாதாவைக் கூப்பிடல. போட்டையே பாத்துக்கிட்டு, "ஏ நஜ்மு, தளம் அமுங்குதாடி?"ன்னு கத்துனா.

மதினி அங்கதான் நின்னாங்க. காலை ஓங்கி ஒரு மிதி மிதிச்சுப் பாத்தாங்க. இன்னொரு மிதி.

"கல்லு மாதிரி நிக்குதுத்தா"ன்னாங்க. அப்புறம் மண்டி போட்டுக் குனிஞ்சு, புருசனை விட்டுட்டு, இவ பக்கம் கைய நீட்டுனாங்க.

"ஏ போட்டுக்காரி, கையப் புடி."