சத்தமில்லாமல் ஆடிய வகுப்பு

கண்டியில் ஒரு தையல் கடையின் மேல்மாடியில் எங்களுக்கு பெல்லி டான்ஸ் சொல்லிக்கொடுத்த டீச்சர் பருத்த உடம்புக்காரர். சிரித்தால் வயிறும் சேர்ந்து சிரிக்கும். ஆடினால் கிலுங்கும் தகடுகள் தைத்த இடுப்புத் துணிகளைப் பை நிறையச் சுமந்து வருவார். ஒவ்வொருத்திக்கும் தானே கட்டிவிட்டு, முடிச்சுப் போடும்போது, "ராத்திரி தூங்கினீங்களா?" என்று கேட்பார்.

நான் நகரசபையில் கிளார்க். வீட்டில் படுத்த படுக்கையாக மாமியார். ஒரு சனிக்கிழமை, ஆடத் தொடங்குமுன் கொஞ்சம் உட்காரலாம் என்று சுவரோரக் கதிரையில் சாய்ந்தேன்.

விழித்தபோது வகுப்பு முடியும் நேரம். பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தது. எல்லாரும் ஆடினார்கள், ஒரு கிலுக்கமும் இல்லை. இடுப்புத் துணிகள் எல்லாம் அவிழ்க்கப்பட்டு டீச்சரின் பைக்குள் கிடந்தன.

"எழுப்பியிருக்கலாமே டீச்சர்?"

"எதுக்கு? இடுப்பு அடுத்த கிழமையும் இருக்கும்தானே. இந்தத் தூக்கம் கெடைக்குமா?"

டீச்சர் வீடு தெல்தெனியவில், கடைசி நிறுத்தம். அன்று பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர், டவுனைத் தாண்டுமுன்பே தூங்கிப்போனார். ராத்திரி தூங்கினீர்களா என்று அவரிடம் நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. வளைவுகளில் அவர் மடியிலிருந்த பை கலகலத்தது. மெல்ல எடுத்து என் நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

பல்லேகல வந்தது. நான் இறங்க வேண்டிய இடம். எழுந்தால் பை குலுங்கும். கண்டக்டர் என்னைப் பார்த்தார்.

தெல்தெனிய என்று உதட்டை மட்டும் அசைத்தேன்.