அளவு வரவில்லை

வீரராகவனுக்கு வீடு செவ்வாப்பேட்டையில், வேலை மெட்ராஸில், வெள்ள எச்சரிக்கை ஆபீஸில். எழுபதுகளின் நடுவில் அவன் தெருவில் கம்ப்யூட்டரைக் கண்டவர் யாருமில்லை. ஏசி ரூமில் மிஷினுக்கு அட்டை போடுகிறவன் என்று சொல்லிக்கொண்டார்கள். அது பெரிய பொய்யும் இல்லை.

அந்த ஆபீஸில் கணக்கும் கட்டளையும் அட்டையில் துளையாகக் குத்தித்தான் மிஷினுக்குப் போகும்; எல்லாப் புரோகிராம்களும் எடுத்தாளும் பொதுவான அட்டைக்கட்டுகள் உண்டு. லைப்ரரி என்பார்கள். அதைப் பார்த்துக்கொள்வது அவன் பொறுப்பு. ஊர் ஊராக வரும் மழை அளவைப் படிக்கும் கட்டு அதில் ஒன்று. அதற்கு ஒரு கெட்ட குணம்: எண் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தால் சுழி, அதாவது பூஜ்யம், என்று எடுத்துக்கொண்டு மேலே போய்விடும். மௌனம் சம்மதம் என்பது பெண் பார்க்கப் போன வீட்டுக்குச் சரி. வெள்ளக் கணக்குக்குச் சரியா?

காலியைக் கண்டால் மிஷின் நின்றுவிடும்படி கட்டை மாற்றினான். மறுநாளே ஆபீஸ் ஸ்தம்பித்தது. மழையில்லாத மாதங்களில் இடத்தைக் காலியாக விடுவது அட்டை குத்தும் பெண்களின் பழக்கம். பழைய புரோகிராம்கள் அத்தனையும் அந்தப் பழக்கத்தை நம்பி எழுதியவை.

"இன்னாப்பா, உன் ஒரு கட்டுக்காக எல்லாத்தையும் திருத்தி எழுதணுமா?" என்றார் மேலதிகாரி துளசிராமன். "பழசு ஓடிக்கினு தான கீது. ஓடட்டும் உடு."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஊரோடு ஒத்து வாழ் என்று பழைய கட்டையே திரும்ப வைத்தான்.

ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டது. ஒரு காலை, அச்சாகி வந்த தாளில் வீரராகவன் விரல் ஓர் இடத்தில் நின்றது. சுற்றிலும் எல்லா ஊரிலும் பேய்மழை. கடம்பத்தூர் மழைமானிக்கு நேராக மட்டும் சுழி. அந்த ஓர் இடத்துக்கு மட்டும் யாரோ குடை பிடித்துக்கொண்டு நிற்பது போல.

அங்கே ஆற்றங்கரையில் அளவு எடுப்பவர் அவன் தங்கை குப்பம்மாளின் கணவர் சுப்பராயன். சொட்டு மழை இல்லாத நாளிலும் "சுழி" என்று ரயில்வே ஸ்டேஷன் போனில் ஆபீஸுக்குச் சொல்லாமல் கஞ்சி குடிக்காத மனிதர். இந்தச் சுழி அவர் சொன்னதல்ல என்று வீரராகவனுக்குத் தெரிந்துவிட்டது.

கிடைத்த வண்டியில் ஏறி ஓடினான். மழைமானி நின்ற மேடையையே ஆறு கொண்டுபோயிருந்தது, காலையில் அளவெடுக்கப் போன சுப்பராயனையும் சேர்த்து. உடல் கிடைக்கவேயில்லை. அந்தச் சுழியை நம்பி ஆபீஸ் 'அபாயமில்லை' என்று சொல்லியிருந்ததால், கீழ்க்கரை ஜனங்கள் கூரை மேல் ஏறித்தான் உயிர் பிழைத்தார்கள்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அதைச் செய்தான் வீரராகவன். கட்டை மறுபடி மாற்றி, மழையில்லாவிட்டால் சுழியைக் குத்தும்படி பெண்களிடமும் சொன்னான். இனி பழைய புரோகிராம்கள் நிற்காது, ஓடும். ஆனால் காலி இடத்தைக் கண்டால் ஊர்ப் பெயரோடு 'அளவு வரவில்லை' என்று தாளின் தலையில் அச்சடிக்கும். அதைப் பார்த்தால் துளசிராமன் பக்கத்து ஊர் மழையை வைத்துக் கணக்குப் போட்டு எச்சரிக்கை அனுப்புவார். புது மழைமானியும் புது ஆளும் வருகிற பாடாயில்லை. தினமும் காலையில் 'கடம்பத்தூர்: அளவு வரவில்லை' என்று மிஷின் தட்டிக்கொண்டிருந்தது. மச்சானை மறக்காமல் கேட்பது அது ஒன்றுதான் என்று, ஆறுதலாக நினைத்து, தங்கையிடமும் சொன்னான்.

அடுத்த புரட்டாசியில் ஒருநாள் அந்த வரி வரவில்லை. மறுநாளும் இல்லை. அட்டையை உருவிப் பார்த்தான். கடம்பத்தூருக்கு நேராக ஒரு சுழி, தெளிவாகக் குத்தியிருந்தது.

கடம்பத்தூரில் இறங்கி தங்கை வீட்டுக்குப் போனான். குப்பம்மாள் நெற்றி நிறையப் பொட்டோடு இருந்தாள். சுப்பராயன் உட்காரும் இடத்தில் இலை போட்டுச் சோறு பரிமாறியிருந்தது.

"யாரும்மா போன் பண்றது?"

"அவரு தான் சொல்லி அனுப்புறாரு, ண்ணா. நான் போயி ஸ்டேஷன்ல சொல்லிட்டு வரேன். சுழின்னு."

"மழைமானியே இல்லியே குப்பம்மா."

"நீ தான சொன்ன, காலியா உட்டா ஆள் இல்லன்னு மிஷின் எழுதுதுன்னு. அப்படி எழுத உடலாமா?"

வெளியே மேற்கு வானம் கறுத்துக்கொண்டு வந்தது. காலி இடத்தை அவன் கட்டு பிடித்துவிடும். ஒழுங்காகக் குத்திய சுழியை எந்தக் கட்டாலும் பிடிக்க முடியாது. கீழ்க்கரைக்கு மறுபடி 'அபாயமில்லை' என்றுதான் போகும். அதைத் தடுக்க அவளிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு வருஷமாக அந்த வீட்டில் யாரும் சொல்லாதது அது.

"மச்சான் இல்லம்மா," என்றான். "காலியாவே உடு."

அவள் இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை கொட்டுகிற மழையில் ஆபீஸுக்கு வந்து மிஷின் பக்கத்தில் நின்றான். அந்த வரி வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டான். வரக்கூடாது என்றும் வேண்டிக்கொண்டான். தாள் நகர்ந்தது.

கடம்பத்தூர்: அளவு வரவில்லை.

துளசிராமன் எச்சரிக்கை சொல்லப் போனை எடுத்தார். வீரராகவன் அந்த வரியின் மேல் கையை வைத்துக்கொண்டு, ஒரு வருஷத்து அழுகையை அங்கேயே அழுதான்.