கல்வட்டத்துக்குப் போய்விட்டுப் பெண் கேட்கலாமா?

போன ஞாயிற்றுக்கிழமை பெண் கேட்கப் போயிருந்தேன்.

பதறாதீர்கள். எனக்கில்லை. பக்கத்தில் என் மனைவி சரோஜாவும் இருந்தாள் — பட்டுப்புடவை, மேலே கம்பளிக் கோட்டு, மடியில் தாம்பாளம் சகிதமாக. தாம்பாளத்தில் வாழைப்பழம், ஆப்பிள், கற்கண்டு, குங்குமச் சிமிழ். வெற்றிலைக்கு ஜெர்மனியில் எங்கே போவது?

மாப்பிள்ளை ஜெயசீலன். இங்கே டார்ம்ஸ்டாட் யூனிவர்சிட்டியில் உலோக ஆராய்ச்சி செய்கிறான். ஊர் பாளையங்கோட்டை. கிறிஸ்தவக் குடும்பம். ஞாயிறு தவறாமல் எங்கள் வீட்டு ரசம் சாப்பிட வருகிறவன். என்னை அண்ணாச்சி என்பான், சரோஜாவை மதினி என்பான். பெண் ரெனாட்டே, இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். ரெண்டு வருஷப் பழக்கம். ஆராய்ச்சி முடிகிறது, மதராஸில் வேலையும் தயார். கல்யாணம் செய்துகொண்டு ஊருக்குப் போகவேண்டியதுதான் பாக்கி.

ஆனால் ரெனாட்டே ஒன்று தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். "அப்பா சரி என்று சொன்னால் வருவேன். அவரோடு சண்டை போட்டுவிட்டு அவ்வளவு தூரம் வந்தால் எனக்கு அங்கே தூக்கம் வராது."

ஜெயசீலன் ரெண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டான். அந்த மனுஷர் வானிலை பேசினாராம், மாட்டைப் பற்றிப் பேசினாராம், மகளைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லையாம். பாளையங்கோட்டை அப்பாவும் எழுதிவிட்டார்: நீயே போய்க் கேட்டால் என்ன மரியாதை? பெரியவர்கள் போய்க் கேட்க வேண்டாமா?

பெரியவர்கள் என்றால்? டார்ம்ஸ்டாட்டில் அவனுக்கு நாங்கள்தான் பெரியவர்கள். நாற்பத்திரண்டு வயதில் எனக்குக் கிடைத்த பதவி உயர்வு இது ஒன்றுதான்.

சனிக்கிழமையே அவனுடைய பழைய காரில் கிளம்பி, வழியில் ஒரு விடுதியில் தங்கி, ஞாயிறு மத்தியானம் போய்ச் சேர்ந்தோம். வடக்கே, ஊதாப் பூப் பூத்த பொட்டல்வெளி நடுவில் சின்னக் கிராமம். செங்கல் வீடு, ஓக் மரங்கள், மாட்டுக் கொட்டகை. வாசலில் ரெனாட்டே. அவளுக்குப் பின்னால் ஹெர் லூடர்ஸ் — பெண்ணைப் பெற்றவர். வாசல் நிலையில் தலை இடிக்கும் உயரம். கறுப்புக் கோட்டு. முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

கை குலுக்கினார். "காபி இன்னும் தயாராகவில்லை. அதற்குள் உங்களுக்கு ஒன்று காட்டுகிறேன், வாருங்கள்" என்றார்.

வீட்டுக்குள் காலடி வைக்காமலேயே அவர் பின்னால் நடந்தோம். தாம்பாளம் காரிலேயே இருந்தது. வயலைத் தாண்டி, ஆட்டுப் பாதையைத் தாண்டி, ஒரு மேடு. மேட்டின் மேல்...

வட்டமாகக் கற்கள். ஒவ்வொன்றும் என் இடுப்பு உயரம், சில தோள் உயரம். நடுவில் நாலைந்து கல்லைக் காலாக வைத்து, அதன் மேல் யானை படுத்த மாதிரி ஒரு பெரிய கல். பாசி. அமைதி. பல ஆயிரம் வருஷத்துக்கு முந்தியது என்று ரெனாட்டே சொன்னாள். இரும்பு என்றால் என்னவென்றே தெரியாத ஜனங்கள் இதை எப்படித் தூக்கி வைத்தார்கள்?

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கோவில்தான், சந்தேகமில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஷூவைக் கழற்றினேன். ஈரப் புல்லில் வெறுங்காலோடு வலமாகச் சுற்றினேன், மூன்று சுற்று. நடுக் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ஜெயசீலனும் மாமனாரைத் திருப்திப்படுத்தும் வேகத்தில் என் பின்னாலேயே சுற்றினான். கிறிஸ்தவ சபைப் பிள்ளை! ஹெர் லூடர்ஸ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

சரோஜா மட்டும் வட்டத்துக்கு வெளியே நின்றுவிட்டாள். அவள் பிறந்தது மதுராந்தகம் பக்கம்.

"ஏங்க, வெளிய வாங்க" என்றாள், மெதுவாக.

"ஏன்?"

"எங்க ஊர் ஏரிக்கு மேற்கால இதே மாதிரி இருக்கு. வட்டமா கல்லு, நடுவுல பலகைக் கல்லு. பாண்டவர் குழின்னுவாங்க. உள்ள தாழியில எலும்பு இருக்கும். இது கோவில் இல்லீங்க. சாவு எடம்."

நான் ரெனாட்டேயைப் பார்த்தேன். ரெனாட்டே சந்தோஷமாகத் தலையாட்டினாள். "ஆமாம், கல்லறைதான். ராட்சசர்களின் கல்லறை என்று ஊரில் சொல்வார்கள். ஆனால் நம்மைப் போன்ற ஆட்கள்தான். குடும்பம் குடும்பமாகப் புதைத்திருக்கிறார்கள்."

பெண் கேட்க வந்த இடத்தில், வாசற்படி மிதிக்கும் முன்னே, இடுகாட்டை மூன்று சுற்றுச் சுற்றி, தொட்டுக் கண்ணிலும் ஒற்றிக்கொண்டு நிற்கிறேன். தமிழ்நாட்டில் எந்த மாப்பிள்ளை வீட்டாராவது இந்தக் காரியம் செய்திருப்பார்களா?

திரும்பி நடக்கும்போது சரோஜா ஒன்றே ஒன்று சொன்னாள். "குளிக்காம அந்த வீட்டுப் படி ஏறமாட்டேன். நீங்களும் ஏறக்கூடாது."

ஜெயசீலன் முகம் வெளுத்துவிட்டது. "மதினி, காரியத்தைக் கெடுத்துராதீய. முத முதல்ல வந்த வீட்ல குளிக்கணும்னா என்ன நினைப்பாவ? எங்க பக்கம்லாம் கல்லறைக்குப் போயிட்டு நேரா வீட்டுக்குத்தான் வருவோம், ஒண்ணும் ஆனதில்ல."

"எனக்கா தம்பி கல்யாணம்? ஒனக்குத்தான். நல்ல காரியம் பேசப் போற எடத்துக்கு இந்தத் தீட்டோட போயி, நாளைக்கு ஒண்ணுன்னா என் மனசு கேக்குமா?"

நான் சமாதானம் பேசிப் பார்த்தேன். "வழியில பிணம் எதிர்ல வந்தா நல்ல சகுனம்னு நீயே சொல்லுவியே..."

"எதிர்ல வந்தா. நீங்க தேடிப் போயி சுத்திட்டு வந்திருக்கீங்க."

கட்டுரை எழுதுகிறவனிடம் ஊரில் எல்லோருக்கும் பதில் உண்டு, வீட்டில் கிடையாது.

வாசலில் ஃப்ராவ் லூடர்ஸ் — பெண்ணின் அம்மா — காத்துக்கொண்டிருந்தார். ஏப்ரனைக் கழற்றிவிட்டு, நல்ல உடுப்பு உடுத்து, உள்ளே காபி மணக்க, "வாருங்கள், வாருங்கள்" என்று கதவை அகலத் திறந்தார். நாங்கள் மூன்று பேரும் முற்றத்தில் அப்படியே நின்றோம்.

"ஷூவில் சேறா? பரவாயில்லை, துடைத்துவிட்டு வாருங்கள்."

துடைத்தோம். நின்றோம்.

ஜெயசீலன் அவசரமாக, மதினிக்குத் தலைவலி என்று ஒரு பொய் சொன்னான். அந்த அம்மாள் உள்ளே ஓடி மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து விட்டார். சரோஜா மாத்திரையைக் கையில் வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். ரெனாட்டே ஜெயசீலனைப் பார்த்தாள். வீட்டுக்குள் வரமாட்டேன் என்று நிற்கிற விருந்தாளியை எந்த ஊர்க்காரர்தான் பொறுத்துக்கொள்வார்? அந்த அம்மாளின் முகம் மெல்ல மெல்லச் சுருங்கியது. பையனின் கல்யாணம் வாசற்படியிலேயே முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அப்போது ஹெர் லூடர்ஸ் வாயைத் திறந்தார். "தலைவலி இல்லை. என்ன விஷயம்?"

மென்று விழுங்கிப் பிரயோஜனமில்லை. எனக்குத் தெரிந்த ஜெர்மனில் போட்டு உடைத்தேன். செத்தவர்கள் இருக்கும் இடத்துக்குப் போய் வந்தால் எங்களில் குளிக்காமல் வீட்டுக்குள் நுழைவதில்லை. அதுவும் நல்ல விஷயம் பேச வந்திருக்கிறோம். உங்கள் வீட்டை அவமதிக்கவில்லை. உங்கள் வீட்டுக்கு ஒன்றும் வரக்கூடாது என்றுதான் என் மனைவி நிற்கிறாள்.

அவர் சரோஜாவையே பார்த்தார். பிறகு கறுப்புக் கோட்டைக் கழற்றி மனைவி கையில் கொடுத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, கொல்லைப்பக்கம் போனார்.

அங்கே துணி வெளுப்பதற்கென்று தனியாக ஒரு அறை. விறகடுப்பின் மேல் பெரிய செப்புக் கொப்பரை. நம் ஊர் வெந்நீர் அண்டாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். கோழியிறகு பிடுங்கவும் துணி அவிக்கவும் வைத்திருப்பது. அந்த மனுஷர் தானே விறகு உடைத்து, தானே பம்பில் தண்ணீர் அடித்து, அடுப்பை மூட்டினார். ஜெயசீலன் உதவிக்குப் போனான். ரெண்டு பேரும் வாளி வாளியாக ஊற்றினார்கள். காபி ஆறியது.

முதலில் சரோஜா குளித்தாள், பிறகு ஜெயசீலன், பிறகு நான். பையில் மாற்று உடுப்பு இருந்தது, பிழைத்தோம். சரோஜா நனைந்த புடவையைப் பிழிந்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஓய்வுநாளான ஞாயிற்றுக்கிழமையில் கொடியில் துணி காயப்போடுவது அந்த ஊரில் சின்னக் குற்றமில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் ரெண்டு பெண்கள் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஃப்ராவ் லூடர்ஸ் ஒரு நிமிஷம் தயங்கினார். பிறகு ஆறு கஜத்தையும் தன் கையாலேயே உதறி விரித்து, கிளிப் மாட்டி, வேலிப் பக்கம் திரும்பி நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். சைக்கிள்கள் நகர்ந்தன. அந்த அம்மாளை எனக்கு அந்த நிமிஷத்திலிருந்து ரொம்பப் பிடித்துவிட்டது.

ஒருவழியாக உள்ளே போனோம். மேஜை நிறைய பிளம் கேக். ஈரத் தலையோடு வரிசையாக உட்கார்ந்தோம். சரோஜா தாம்பாளத்தை ரெண்டு கையாலும் நீட்டினாள், அந்த அம்மாள் ரெண்டு கையாலும் வாங்கினார். நான் தொண்டையைச் செருமினேன். வழியெல்லாம் மனப்பாடம் செய்த ஜெர்மன் வாக்கியங்கள் தயாராக இருந்தன.

ஹெர் லூடர்ஸ் முந்திக்கொண்டார்.

"அந்தக் கல்லைப் பார்க்க நிறையப் பேர் வருவார்கள். மேலே ஏறிப் படம் எடுப்பார்கள். என் மூத்த மருமகன் பெண் கேட்க வந்த அன்று அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, இது எத்தனை டன் இருக்கும் என்று கேட்டான். உள்ளே ஆட்கள் படுத்திருக்கிறார்கள் என்று நான் சொன்னால் சிரிப்பார்கள்." சரோஜா பக்கம் திரும்பினார். "அவர்கள் உங்களுக்கு யாருமில்லை. பிறகு ஏன் குளித்தீர்கள்?"

ஜெயசீலன் தமிழில் சொன்னான்.

சரோஜாவுக்குக் கேள்வியே புரியவில்லை. "யாரா இருந்தா என்ன? செத்தவங்க செத்தவங்கதானே. அந்த எடத்துக்குப் போனா குளிக்கணும். சொந்தக்காரங்கன்னா போகவே வேணாம், சேதி வந்தாலே குளிப்போம்."

"தூரத்தில் இருந்தாலுமா?"

"எவ்ளோ தூரமா இருந்தாலும். சேதி பத்து நாள் கழிச்சு வந்தாலும்."

அவர் கேக்கை முள்கரண்டியால் நறுக்கினார். சாப்பிடவில்லை. "நான் செத்தால் மதராஸுக்குச் சேதி வர எத்தனை நாள் ஆகும்?"

"அப்பா" என்றாள் ரெனாட்டே.

"தந்தி கொடுத்தால் ஒரு நாள், ரெண்டு நாள்" என்றான் ஜெயசீலன், ஆராய்ச்சி மாணவனாயிற்றே.

"அன்றைக்கு இவள் அங்கே ஒருத்தியாக உட்கார்ந்து அழுவாள்" என்றார் அவர். "சுற்றி அவ்வளவு பேர் இருப்பார்கள். அவர்களுக்கு நான் யார்? அதுதான் எனக்குக் கவலை. வேறொன்றுமில்லை. பையன் நல்ல பையன்."

ரெண்டு தடவை வந்தபோதும் மாட்டைப் பற்றியே பேசியவர் மனதில் இதுதான் இருந்திருக்கிறது. நிறமில்லை, மதமில்லை, சம்பளமில்லை. என் மனப்பாட வாக்கியங்களில் சம்பளத்தைப் பற்றி நாலு வரி இருந்தது. அப்படியே விழுங்கினேன்.

ஜெயசீலன் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்த சரோஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல காரியம் பேசுகிற இடத்தில் சாவுப் பேச்சு பேசினால் சும்மா விடுகிறவள் இல்லை அவள். அன்றைக்குக் கோபித்துக்கொள்ளவில்லை.

"அவர்கிட்ட சொல்லு தம்பி. பொண்ணு குடுத்துட்டா அவர் சம்பந்தி. சேதின்னு ஒண்ணு வந்தா, ஒங்க வீட்டுல சின்னது பெருசு அத்தனையும் அடுப்ப அணைச்சுட்டு அவருக்காகத் தலை குளிக்கும். இவ மட்டும் ஏன் தனியா அழப்போறா? எங்க இருந்தாலும் நானும் குளிப்பேன்."

பாளையங்கோட்டை வீட்டில் அப்படி ஒரு வழக்கம் உண்டா என்று நான் கேட்கவில்லை. ஜெயசீலன் ஒரு கணம் தட்டைப் பார்த்தான். "குளிப்போம் மதினி" என்றான். "எங்க அப்பாட்ட நான் சொல்லுதேன். எல்லாரும் குளிப்போம்." பிறகு நிதானமாக, ஒரு சொல் விடாமல், ஜெர்மனில் சொன்னான். ரெனாட்டே அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பா முன்னாலேயே.

ஹெர் லூடர்ஸ் சரி என்று சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டார்.

சரோஜா என் முழங்கையைக் கிள்ளினாள். ஃப்ராவ் லூடர்ஸ் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். திரும்பி எங்களைப் பார்த்தபோது அவர் முகத்தில் தன் கண்ணையே நம்பாத பாவனை. "மறுபடி விறகு போடுகிறார்" என்றார்.

கொஞ்ச நேரத்தில் அவர் கதவிடுக்கில் தலையை நீட்டினார். தோளில் துண்டு.

"நானும்தானே அங்கே வந்தேன்?" என்றார் சரோஜாவைப் பார்த்து. "குளித்துவிட்டு வருகிறேன். நல்ல விஷயம் பேச வேண்டும் அல்லவா?"

குளித்துவிட்டு வந்து என்ன பேசினார் என்பதையும் நான் எழுதித்தான் ஆகவேண்டுமா என்ன?