உங்களுக்கு நேரம் கிடைக்கும்போது, சேர்

1. கீழ் லாச்சி

ரொறன்ரோவில் நான் முதல்முதலாக வேலைக்குப் போனது எழுபதுகளின் தொடக்கத்தில், ஒரு பல்கலைக்கழகத்தின் இரசாயனப் பகுதி அலுவலகத்துக்கு. மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கிறவர்களின் ஃபைல்களைப் பார்க்கும் கிளார்க் வேலை. முதல் நாளே மேலதிகாரி மிஸிஸ் ஹாலண்ட் என்னை இரும்பு கபினெட்டுக்கு முன்னால் நிற்கவைத்து வகுப்பெடுத்தார்.

ஒவ்வொரு ஃபைலின் அட்டையிலும் மூன்று கட்டங்கள் இருக்கும். மூன்று பேராசிரியர்கள் மாணவனைப் பற்றி எழுதும் சிபாரிசுக் கடிதங்களுக்கானவை அவை. கடிதம் ஒட்டிய உறையில், மூடிய இடத்தில் எழுதியவரின் கையெழுத்தோடு வரவேண்டும். நான் பிரித்து, திகதி முத்திரை குத்தி, ஃபைலில் போட்டுக் கட்டத்தில் சரி போடுவேன். மூன்றும் வந்த ஃபைல் கமிட்டிக்குப் போகும். வராதது கடைசித் திகதியன்று கபினெட்டின் அடியில் உள்ள இழுப்பறைக்கு, எங்கள் பேச்சில் கீழ் லாச்சிக்கு, போகும். கீழ் லாச்சிக்குப் போனது திரும்பி மேலே வந்ததாக நான் பார்த்ததில்லை.

"இங்கே வாசிக்கிறது இந்த அறையை விட்டு வெளியே போகக் கூடாது. உன் கணவருக்குக்கூடச் சொல்லாதே" என்றார் மிஸிஸ் ஹாலண்ட். எனக்குச் சிரிப்பு வந்தது. கறியில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றே வாய் திறக்காத மனுஷன் என் கணவர். அவரா அலுவலகக் கதை கேட்கப் போகிறார்?

சிபாரிசு கேட்பதில் நம்மவர்கள் செய்த கூத்துகளைத் தனியாக எழுதலாம். ஒருவர் தன் ஊர்ப் பாராளுமன்ற உறுப்பினரிடம் கடிதம் வாங்கி அனுப்பியிருந்தார். நல்ல குடும்பத்துப் பிள்ளை என்று எழுதியிருந்தது. இன்னொருவர் கேட்காமலே ஒரு பேராசிரியரின் பெயரைப் போட்டுவிட்டார். அந்தப் பேராசிரியர் எனக்கு ஃபோன் எடுத்து, "இது யார்?" என்று கேட்டார். இதையெல்லாம் பார்த்து எனக்குள் ஒரு கெட்டித்தனம் வளர்ந்துவிட்டது. எப்படிக் கேட்கவேண்டும் என்று எனக்குத்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

2. குணராசா

அந்தக் காலத்தில் பஸ்ஸில் தமிழ்ச் சத்தம் கேட்காமல் மாதக்கணக்கில் போகும். அதனால் ஒரு நாள் கவுண்டரில் மெலிந்த பெடியன் ஒருவன் நின்று, என் நெற்றிப் பொட்டைப் பார்த்து, "அக்கா, நீங்கள் யாழ்ப்பாணமோ?" என்று கேட்டபோது எனக்கு மனம் குளிர்ந்துபோயிற்று.

அவன் பெயர் குணராசா. ஒரு வருடத் தகுதிப் படிப்புக்கு வந்திருந்தான். எம்.எஸ்ஸிக்கு இடம் கிடைத்தால் விசா நீளும். கிடைக்காவிட்டால் கோடை முடிய ஊருக்குத் திரும்பவேண்டும். ஊர் விரிவுரையாளர்கள் இருவரின் கடிதங்கள் வந்துவிட்டன. மூன்றாவது, இங்கே படிப்பித்த ஒருவரிடமிருந்து வரவேண்டும். முந்தின படிப்புத் தவணையில் பேராசிரியர் மொரிஸின் வகுப்பில் இவன்தான் முதலாவது.

"அவரிட்ட எப்பிடிக் கேக்கிறது, அக்கா? பயமாக் கிடக்கு" என்றான்.

நான் என் கெட்டித்தனத்தைக் காட்டினேன். "மரியாதையாக் கேளும். அவசரப்படுத்தாதையும். உங்களுக்கு நேரம் கிடைக்கேக்க எழுதித் தந்தால் போதும், சேர் எண்டு சொல்லும்."

நம்மூரில் நாங்கள் வாத்தியார்மாரிடம் அப்படித்தான் கேட்போம். கேட்பவர் அவசரத்தை மறைப்பார். வாத்தியார் அதை விளங்கிக்கொண்டு, "எப்ப குடுக்கவேணும்?" என்று தானே கேட்பார். மொரிஸ் கனடாவில் பிறந்து வளர்ந்தவர் என்பது எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் முகம் நிறையச் சிரிப்போடு வந்தான். "ஓம் எண்டிட்டார், அக்கா! நீங்கள் சொன்ன மாதிரியே கேட்டனான்."

கடைசித் திகதியை அவன் அவரிடம் சொல்லவில்லை. சொன்னீரா என்று நானும் கேட்கவில்லை.

3. பதினொரு நாள்

வாரத்துக்கு ஒரு தடவை வந்து எட்டிப் பார்ப்பான். "வந்திட்டுதோ, அக்கா?" நான் இல்லை என்று தலையாட்டுவேன். கடைசி வாரம் வந்தபோது அவன் குரலே மாறியிருந்தது.

"ஒருக்கால் போய் ஞாபகப்படுத்தட்டோ, அக்கா?"

"சீ, பெரிய மனுசனை நெருக்கக்கூடாது. கோவிச்சுக்கொண்டாரெண்டால் என்ன செய்வீர்?"

சொன்னது நான்தான். மொரிஸின் அறை எங்கள் அலுவலகத்திலிருந்து எட்டாவது கதவு. காலையில் அவருடைய தபாலைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் நான்தான். "குணராசாவின் கடிதம், வெள்ளிக்கிழமை கடைசி நாள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தன் ஆளுக்காகப் பேசுகிறாள் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன். அந்தப் பகுதியிலேயே சேலை கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தவள் நான் ஒருத்திதான். வெள்ளிக்கிழமை பின்னேரம் மிஸிஸ் ஹாலண்ட் அவனுடைய ஃபைலைக் கீழ் லாச்சியில் போட்டார்.

பதினொரு நாள் கழித்து மொரிஸ் தானே உறையைக் கையில் கொண்டுவந்தார். கமிட்டி கூடி இடங்களையெல்லாம் கொடுத்து முடித்துவிட்டது என்று மிஸிஸ் ஹாலண்ட் சொன்னதும் மனுஷனின் முகம் சிவந்துவிட்டது.

"அவசரமில்லை என்றானே அந்தப் பையன். நேரம் கிடைக்கும்போது என்றுதானே சொன்னான்" என்றார். பிறகு, "அடுத்த வருடம் போடட்டும், என் ஆய்வுக்கே எடுத்துக்கொள்கிறேன். என்னை வந்து பார்ப்பான்தானே" என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு மாதம் கழித்து, தவணை முடிந்ததும், ஒரு வருட லீவில் இங்கிலாந்துக்குப் போய்விட்டார்.

நான் உறையைப் பிரித்து முத்திரை குத்தினேன். இரண்டு பக்கக் கடிதம். அதில் ஒரு வசனம் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம்: "என் கற்பித்தல் வாழ்க்கையில், ஒரு கேள்வி கேட்டு என்னையே மறுபடி புத்தகத்தைத் திறக்கவைத்த மாணவன் இவன் ஒருவன்தான்."

4. கவுண்டரில்

அடுத்த வாரம் குணராசா அலுவலகம் அனுப்பிய கடிதத்தோடு வந்தான். ஒரு சிபாரிசு உரிய காலத்தில் கிடைக்காததால் விண்ணப்பம் பூர்த்தியாகவில்லை என்று அதில் இருந்தது. தட்டச்சு அடித்தது நான்தான்.

"அவருக்கு எழுத விருப்பமில்லைப் போல, அக்கா" என்றான்.

நம்மவர்களில் பெரியவர்கள் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்வதில்லை. பேசாமல் இருந்துவிடுவார்கள். நாங்கள்தான் விளங்கிக்கொள்ளவேண்டும். மொரிஸின் மௌனத்தையும் அவன் அப்படித்தான் விளங்கிக்கொண்டிருந்தான். எனக்கு இரண்டு முழம் பின்னால் லாச்சிக்குள் அந்தக் கடிதம் கிடந்தது. பக்கத்து மேசையில் மிஸிஸ் ஹாலண்ட்.

"அடுத்த வருசம் திரும்பப் போட்டுப் பாருமன்" என்றேன்.

"ஆரக்கா எழுதித் தரப்போகினம்?"

கடிதத்தில் இருந்ததைச் சொல்லக் கூடாது, சரி. ஆனால் "போய் மொரிஸை ஒருக்கால் பாரும்" என்று சொல்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. வாய் வரைக்கும் வந்தது. மிஸிஸ் ஹாலண்ட் நிமிர்ந்து பார்த்தார். நான் ரைப்ரைட்டரில் தாளைச் செருகினேன்.

"நீங்கள் செய்த உதவிக்கு நன்றி, அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான். ஓகஸ்டில் ஊருக்குத் திரும்பிவிட்டான் என்று கேள்விப்பட்டேன்.

5. தங்கச்சி

எழுபதுகளின் கடைசியில், ஸ்காபரோவில் ஒரு பிள்ளையின் பிறந்தநாள் விழாவில், கலியாணம் முடித்துப் புதிதாக வந்திருந்த ஒரு பெண்ணை அறிமுகப்படுத்தினார்கள். பேச்சுவாக்கில் குணராசாவின் தங்கச்சி என்று தெரிந்தது. அண்ணை இப்போது என்ன செய்கிறார் என்று கேட்டேன்.

"அண்ணை பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறார், அக்கா. பிறகு ஒரு இடத்துக்கும் அப்ளிக்கேசன் போடேல்லை. நாங்கள் ஏதும் சொன்னால், அந்தப் பேராசிரியர் நல்ல மனுசன், எனக்குத் தகுதி காணாது எண்டதைச் சொல்லி என்னை நோகடிக்க விரும்பேல்லை எண்டு சொல்லுவார்."

அவளை அடுப்படிக்குள் கூட்டிக்கொண்டுபோய் எல்லாவற்றையும் சொன்னேன். கடிதத்தின் அந்த வசனத்தையும் சொன்னேன். அவள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"இவ்வளவு காலமும் இதை உங்களுக்குள்ளயே வச்சிருந்தனீங்களோ, அக்கா?"

அன்றைக்கே அவனுக்கு எழுதினேன். ஒன்றரை மாதம் கழித்து இரண்டு வரியில் பதில் வந்தது. "கடிதம் கிடைத்தது, சந்தோஷம். பேராசிரியருக்கு என் வணக்கத்தைத் தெரிவியுங்கள்." மொரிஸ் காலமாகி அப்போது இரண்டு வருடம். அதையும் அவனுக்கு நான்தான் எழுதவேண்டியிருந்தது. அந்தக் கடிதத்தை எழுதும்போது அழுதேன்.

சிபாரிசு கேட்கப்போகும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். கேட்கும்போதே கடைசித் திகதியைச் சொல்லுங்கள், எழுதியும் கொடுங்கள். இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு தடவை ஞாபகப்படுத்துங்கள். அது மரியாதைக் குறைவு அல்ல, அவர்கள் இங்கே அதை எதிர்பார்க்கிறார்கள். கடிதம் வராவிட்டால் நேரே போய் ஏன் என்று கேளுங்கள். நீங்களாக ஒரு முடிவு கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடாதீர்கள்.

அலுவலக மேசைக்குப் பின்னால் இருப்பவர்களுக்குச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் சொல்கிறேன். அன்றைக்குக் கவுண்டரில் "போய் மொரிஸைப் பாரும்" என்ற அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் என் வேலை போயிருக்கலாம். போயிருந்தால் நான் இன்னொரு வேலை தேடியிருப்பேன்.